கேம்பர் வேனுக்கு எத்தனை வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்குவது?

டெம்போ டிராவலரைக் கேம்பராக மாற்றுகிறீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 900 விஏ இன்வெர்ட்டரையும் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியையும் அதில் வைத்துவிடலாமா, இல்லை புதிதாக 2000 வாட்ஸ் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். இன்வெர்ட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரிக்குள் கரன்ட் எங்கிருந்து வரும், எவ்வளவு வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மதுரையிலிருந்து கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு இப்படி ஒரு வேனில் போய்வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வீட்டு இன்வெர்ட்டர், நாள் முழுக்க ஈபி கரன்ட் இருக்கும், நடுவில் கொஞ்ச நேரம் போகும் என்ற கணக்கில் செய்தது. வேனில் நிலைமை தலைகீழ். டியூபுலர் பேட்டரி முழுசாக ஏற பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிலும் கடைசி இருபது சதவீதம் ஊர்ந்துதான் ஏறும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகும் மூன்று சொச்சம் மணி நேரத்தில் அது நிரம்பாது. அரைகுறையாகவே ஓடினால் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் போய்விடும். பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது என்பதால் 150 ஏஎச்சில் உங்களுக்குக் கிடைப்பது 900 வாட் ஹவர்தான், அதாவது 100 வாட்ஸ் சாமான் ஒன்பது மணி நேரம் ஓடும் அளவு. எடையோ ஐம்பது கிலோவுக்கு மேல். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வெளியே விடும், நீங்கள் பிள்ளைகளோடு படுப்பது அதே பெட்டிக்குள். அது வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? 20 வாட்ஸ் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, இரவு ஒன்பது மணி நேரம்: 360 வாட் ஹவர். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நம் ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 540. லைட் 50, போனும் லேப்டாப்பும் 150, மிக்ஸி ஐந்து நிமிஷம் 60. மொத்தம் 1160, சேதாரம் சேர்த்து 1300 வாட் ஹவர் என்று வையுங்கள். 100 ஏஎச் லித்தியம் பெரஸ் பாஸ்பேட் (இனி சுருக்கமாக லித்தியம்) பேட்டரியில் இருப்பது 1280 வாட் ஹவர். பகலில் ஏதாவது ஒரு வழியில் ஏற்றிக்கொள்ள முடிந்தால் இதுவே ஓடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்குவீர்கள் என்றால் 200 ஏஎச் போடுங்கள்.

ஏற்றும் வழியில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது வண்டியின் ஆல்டர்னேட்டர்தான் (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தருவது), ஆனால் நேராக இணைக்கக் கூடாது. லித்தியம் கிடைக்கிற கரன்டை எல்லாம் இழுக்கும். மெதுவாக ஊரும் டிராஃபிக்கில் ஆல்டர்னேட்டர் சூடேறி எரியக்கூட வாய்ப்புண்டு. நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். அது இழுப்பதை அளவோடு வைக்கும், லித்தியத்துக்கு வேண்டிய 14.4 வோல்ட்டையும் கொடுக்கும். மூன்று மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 90 ஏஎச் ஏறிவிடும். கொடைக்கானல் போய்ச் சேரும்போது காலியாயிருந்த பேட்டரி ஏறக்குறைய நிரம்பியிருக்கும்.

சோலார் நல்லதுதான். கூரையில் படுக்கையாக வைத்த 200 வாட்ஸ் பேனலும், அதிலிருந்து அதிகபட்ச கரன்டை எடுத்துப் பேட்டரிக்குத் தரும் எம்பிபிடி கண்ட்ரோலரும் மதுரை வெயிலில் நாளைக்கு 700, 800 வாட் ஹவர் தரும். ஆனால் இங்கே வண்டியை நிறுத்த நாம் முதலில் தேடுவது வேப்பமர நிழலை. பேனலுக்கு வேண்டியதோ வெயில். இரண்டும் சேர்ந்து அமையாது, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவதாக 20 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் ஒன்று இருக்கட்டும். சுமார் 330 வாட்ஸ்தான் இழுக்கும், தங்குமிடத்தில் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கே போதும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பல கம்பெனிகள் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் உச்சவரம்பு என்று போடுகிறார்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் அது சுலபமாகத் தாண்டும். இன்ஜின் பக்கமோ கூரையை ஒட்டியோ வேண்டாம். சீட்டுக்கு அடியில், தரையோடு, காற்று போக வழிவிட்டு வையுங்கள். மார்கழியில் கொடைக்கானல் இரவு பூஜ்யம் வரை இறங்குவது உண்டு. அதற்குக் கீழே லித்தியத்தை ஏற்றவே கூடாது. வாங்கும்போது குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது இன்வெர்ட்டர். ப்யூர் சைன்வேவ் (ஈபி கரன்ட் போலவே சீரான அலை), தொடர்ச்சியாக 1000 வாட்ஸ், போதும். பெட்டியில் போட்டிருக்கும் 1000 சில சமயம் நொடிக்கணக்கில் தாங்கும் உச்ச அளவாக இருக்கும், தொடர் அளவு எத்தனை என்று பாருங்கள், அதுவும் 40 டிகிரியில் எத்தனை என்று. மலிவான ஸ்கொயர் வேவில் மிக்ஸி உறுமும், மோட்டார் சூடேறும். இன்னொன்று, சுமையே இல்லாமல் ஆன் செய்து வைத்தாலே 15 வாட்ஸ் வரை தின்னும். ஒரு நாளைக்கு 360 வாட் ஹவர், அந்த இரண்டு ஃபேனும் இரவெல்லாம் ஓடும் கரன்ட். ஆகவே ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் நேரே 12 வோல்ட்டில். மிக்ஸிக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, அரைத்ததும் அணைத்துவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சமையலுக்கு கேஸே நல்லது. ஏசி என்றால் ஓர் இரவுக்கே 300 ஏஎச்சுக்கு மேல் லித்தியம் கேட்கும். ஈபி பிளக் உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள்.

1000 வாட்ஸ் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கம் 95 ஆம்பியர் போகும். 35 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள், இரண்டு மீட்டருக்குள், பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 125 ஆம்பியர் டிசி பியூஸ். வீட்டு எம்சிபியை அங்கே போடவே கூடாது, டிசியில் பொறி அணையாமல் நின்று எரியும். லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) சுத்தியால் தட்டி நசுக்க விடாதீர்கள், ஹைட்ராலிக் கிரிம்ப் கேளுங்கள். வேலை முடிந்ததும் மிக்ஸியை ஐந்து நிமிஷம் ஓட்டி, அணைத்துவிட்டு ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அந்த இணைப்பு சரியில்லை, அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். தனுஷ்கோடி பக்கம் போகிறவர் என்றால் ஈயம் பூசிய கேபிள் வாங்குங்கள், உப்புக் காற்று வெறும் செம்பைப் பச்சையாக்கிவிடும்.

வண்டி பிஎஸ்4-ஆ பிஎஸ்6-ஆ (புகை விதியின் படி) என்று நீங்கள் சொல்லவில்லை. வண்டி பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து ஒருவரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். எப்போதும் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் டிசி-டிசி சார்ஜர் வோல்ட்டேஜ் பார்த்தே ஆன் ஆகும். பல பிஎஸ்6 வண்டிகளில் ஓட்டத்திலேயே 13-க்குக் கீழே இறங்கி ஏறும். அப்படியானால் இக்னிஷன் வயரிலிருந்து தனியாக ஒரு சிக்னல் எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜர் வழியெல்லாம் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும்.