வயதானவர்கள் விழாமல் இருக்க தாய் சி போன்ற பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

அம்மாவுக்கு 74 வயது, ஒருமுறை விழுந்ததிலிருந்து நடக்கவே பயப்படுகிறார், மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய் சி ஒரு தற்காப்புக் கலை என்றதும் "இந்த வயசுல சண்டையா" என்று மறுக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். நிச்சயம் உதவும். என் அப்பாவோடு சேர்ந்து இரண்டு வருடமாக நானும் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார். கண் தரையிலேயே இருக்கும், கை சுவரைத் தடவிக்கொண்டே போகும். விழுந்த அடியைவிட அந்தப் பயம்தான் அவரை முடக்கியது. பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றிப்போகும். அடுத்த முறை தடுக்கும்போது சட்டென்று ஒரு காலை முன்னால் வைத்து உடம்பைத் தாங்க வலு இருக்காது.

எதிராளி தள்ளினாலும் நிலைகுலையாமல் நிற்பது தாய் சியின் அடிப்படைகளில் ஒன்று. வயதானவர்களுக்கு வேண்டியதும் அதேதான். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம், வேகத்தில் அது நமக்குத் தெரிவதில்லை. தாய் சி அந்தக் கணத்தைப் பிடித்து நீட்டுகிறது. குதிகாலை முன்னால் வைக்க வேண்டும், ஆனால் எடையைப் போடக் கூடாது. கால் ஊன்றிவிட்டது என்று உறுதியான பிறகுதான் உடம்பு மெல்ல அந்தப் பக்கம் போக வேண்டும். எங்கள் ஆசிரியர் சொல்வார்: "கால் முதல்ல போய்ப் பார்த்துட்டு வரட்டும், உடம்பு அப்புறம் போகலாம்." மெதுவாகச் செய்வதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தே நிமிடத்தில் என் தொடை நடுங்கியது.

ஆரம்பத்தில் அப்பா நாற்காலியின் முதுகை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் செய்தார். சில வாரங்களில் இரண்டு விரல் போதும் என்றானது. அப்புறம் கை நாற்காலிக்கு மேலே ஓரங்குலம் தள்ளி, தொடாமல் நின்றது. அதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆராய்ச்சியும் இதை உறுதி செய்கிறது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஃபுசாங் லீ குழுவினர் 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. எல்லோருமே ஏற்கெனவே விழுந்தவர்கள் அல்லது நடமாட்டம் குறைந்தவர்கள். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என ஆறு மாதம் பயிற்சி. வெறுமனே தசையை நீட்டும் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், சமநிலைக்காக மாற்றியமைத்த தாய் சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. நடை, வலு, சமநிலை எல்லாம் கலந்த பயிற்சியோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. பக்கத்தில் தாய் சி வகுப்பே கிடைக்கவில்லை என்றால் அந்தக் கலப்புப் பயிற்சியையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். அதுவும் நல்ல பலன் தரும்.

ஜூடோவில் வருவதுபோல அடிபடாமல் விழக் கற்றுத்தரும் வகுப்புகளும் முதியவர்களுக்கு உண்டு. நெதர்லாந்தில் அப்படிச் செய்கிறார்கள். உருண்டு விழுந்தால் இடுப்பு எலும்பில் இறங்கும் அடி குறையும் என்பது உண்மைதான். ஆனால் மெத்தையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாமல், வீடியோவைப் பார்த்து வீட்டில் முயல வேண்டவே வேண்டாம். எலும்பு வலுவிழந்து எளிதில் முறியக்கூடியவர்கள் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா, கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் கோளாறு இருந்தால் பயிற்சி மட்டும் போதாது. முழங்கால் வலி இருந்தால் அதிகம் மடக்க வேண்டாம், லேசாக வளைத்தாலே போதும்.

இன்னொன்று, அம்மாவைத் தனியாக நிற்கவைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்து பார்க்காதீர்கள். அப்பா முதல் நாள் வர மறுத்தார். நான் ஒற்றைக் காலில் தள்ளாடுவதைப் பார்த்துத்தான், "தள்ளு, நான் காட்டுறேன்" என்று எழுந்து வந்தார்.