எந்தத் தாத்தா?

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் ஆண் சம்பாதித்தான், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இப்போது என் மனைவி தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன், நடுவில் வீட்டுக்கு வந்து சமைப்பதும் நான்தான். கூட்டாளிகள் கிண்டல் செய்கிறார்கள். இந்தக் காலம் ஆம்பளையை ஆம்பளையாக இருக்க விடவில்லை என்கிறேன். சரிதானே?
- வாசகர், பீடோங், கெடா, மலேசியா

பதில்: எந்தத் தாத்தா? தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி வீட்டுத் தாத்தாவா, தொழிலாளர் வரிசை வீடான லயத்துத் தாத்தாவா?

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் என்றால், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, அவர் மட்டுமா போனார்? கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுப் பாட்டியும்தான் போனார். அதே கத்தி, அதே மரம், அதே பால் வாளி. கூலிதான் வேறு. 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தாத்தாவின் ஆம்பளைத்தனத்துக்கு முதலாளி போட்ட விலை அந்த 10 காசு. ரப்பர் விலை விழுந்ததும் இரண்டு பேர் கூலியிலும் கைவைத்தார்கள்.

ஒற்றைக் கூலியில் லயத்து அடுப்பு எரிந்ததில்லை, ஐயா. மனைவியை வீட்டில் வைத்துச் சோறு போட முடிந்தவர் கிராணி. அவர் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அதுதான் நம் பரம்பரை என்று உங்கள் கூட்டாளிகள் பேசித் திரிகிறார்கள்.

தாத்தாவின் கௌரவம் உண்மையில் எங்கே போனது தெரியுமா? எதிரே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, இனி இறங்க மாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். கள்ளுக்கடையை மூடு என்பதும் அதே பட்டியலில் இருந்தது. பகலெல்லாம் இறங்கி நின்றவர், சாயங்காலம் கள்ளுக்கடை வழியாக லயத்துக்கு வந்து யாரிடம் துரைத்தனம் காட்டினார் என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார். 1947இல் உங்கள் பீடோங் வட்டாரத்திலேயே தோட்டத்து இளைஞர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது சும்மா இல்லை.

அப்புறம் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். குலை அறுப்பது ஆண் வேலை, உதிரிப் பழம் பொறுக்குவது பெண் வேலை என்று கோடு விழுந்தது. தோட்டங்கள் கைமாறி லயங்கள் காலியானபோது, பெண்பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ் ஏறி ஆலைக்குப் போய்விட்டார்கள்.

ஆக, உங்கள் மனைவி செய்வது பழைய காரியம். பாட்டி இருட்டில் நடந்து போனார், இவர் பஸ்ஸில் போகிறார். புதுசாக ஒன்றைச் செய்கிறவர் நீங்கள்தான். தாத்தா தொடாத அடுப்பைத் தொட்டிருக்கிறீர்கள். அதைப் போய்ப் புகாராக எழுதுகிறீர்களே!

கூட்டாளிகள் அடுத்த முறை சிரித்தால், அவர்கள் வீட்டில் இந்த மாதக் கார் தவணை யார் சம்பளத்தில் போனது என்று மட்டும் கேளுங்கள். சரி, இன்றைக்கு என்ன குழம்பு?