வாசகர் கேள்வி: தாய்லாந்தில் சைவச் சாப்பாடு

கே: அம்மாவுடன் பாங்காக் போகிறோம். முட்டைகூடத் தொடமாட்டோம். சாப்பாட்டுக்கு என்ன வழி? கோயில்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

ப: காய்கறி மட்டும் போட்டுத் தரச் சொன்னால் போதாது. மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் 'நம் ப்லா' சாறுதான் அங்கே பாதி உப்பு. கீரை வதக்கலிலும் விழும். முழுச் சைவக் கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். அதில் சிவப்பில் 'ஜே' என்ற தாய் எழுத்து, பார்க்க 17 போலவே இருக்கும். அந்தக் கடைக்குள் தைரியமாக நுழையலாம். 'ஜே' உணவில் மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கிடையாது. மற்ற கடைகளில் 'மை சய் நம் ப்லா' (மீன் சாறு வேண்டாம்) என்று சொல்லுங்கள். பப்பாளிக்காய் சாலட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காய்ந்த இறால் வேண்டாம் என்றாலும், எல்லோருக்கும் இடிக்கும் அதே உரலில்தான் உங்களுக்கும் இடிப்பார்கள்.

கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. அம்மாவுக்குப் புடவையே போதும். செருப்பைக் கழற்றி, காலை மடக்கி உட்காருங்கள். பாதம் புத்தரை நோக்கக் கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கையிலும் கொடுக்கக் கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். காலை 8, மாலை 6 மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள்.

அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது" என்று சொல்லி டுக்டுக்கில் (அங்கத்திய ஆட்டோ) ஏற்றப் பார்ப்பவர் கொண்டுபோய் இறக்குவது பெரும்பாலும் ரத்தினக் கடையில். கவுண்டரிலேயே கேளுங்கள்.

சீலோம் சாலையில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது.