ஃபோர்க்கை நம்பி இறங்கலாமா?

கேள்வி: எங்கள் குழுவில் எல்லா புரோகிராமும் பைத்தான் மொழியில்தான். அதன் மூலத்தை யாரோ நகலெடுத்துத் தனியாகப் பிரித்து வளர்க்கும் அதிகாரபூர்வமற்ற ஃபோர்க் ஒன்றை இரண்டு மாதமாக வீட்டில் ஓட்டிப் பார்க்கிறேன். வேகமாக ஓடுகிறது, எழுதவும் சுகமாக இருக்கிறது. அடுத்த வேலையை அதில் தொடங்கலாம் என்றால் குழுவில் மூத்தவர் ஒருவர் "வேண்டவே வேண்டாம்" என்கிறார். இது வெறும் பயம்தானே?

பதில்: பயம்தான், ஆனால் அடிபட்டவருடைய பயமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் பட்டிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டை அழகாக எழுத வந்த காபிஸ்கிரிப்டில் (அது ஃபோர்க் அல்ல, எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும் தனி மொழி) ஒரு காலத்தில் மாய்ந்து மாய்ந்து எழுதினேன். அதில் ஒரு ஃபங்ஷனின் கடைசி வரி எதுவோ அதுவே தானாகத் திரும்பி வரும். ஒரு பெரிய பட்டியலைச் சுற்றி வரும் லூப்பைக் கடைசியில் வைத்திருந்தேன், மெமரி ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் முழுக்க நான் எழுதிய புரோகிராமையே முறைத்துப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. அது உருவாக்கித் தந்த ஜாவாஸ்கிரிப்டைத் திறந்த பிறகுதான், லூப்பின் ஒவ்வொரு சுற்றின் விடையையும் நான் கேட்காமலே ஓர் அர்ரேயில் (பட்டியலில்) சேர்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசியில் வெறும் ரிட்டர்ன் ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. நான் எழுதியது ஒன்று, ஓடியது இன்னொன்று, இரண்டையும் படிக்கத் தெரிந்தால்தான் பிழைப்பு. அப்புறம் 2015-ல் கிளாஸ், ஆரோ ஃபங்ஷன் மாதிரி காபிஸ்கிரிப்டில் இருந்த வசதிகள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்டுக்கே வந்துவிட்டன. நகராமல் இருந்தவர்களுக்குச் சும்மா கிடைத்தது, எங்களுக்கு எல்லாவற்றையும் திருப்பி எழுதும் வேலை மிஞ்சியது.

பெரிய நிறுவனம் பின்னால் நின்றால் போதும் என்றும் சொல்ல முடியாது. கூகுள் பொறியாளர்கள் 2009-ல் 'அன்லேடன் ஸ்வாலோ' என்று பைத்தானைப் பிரித்து, ஐந்து மடங்கு வேகம் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வேகமும் வரவில்லை, மூலப் பைத்தானோடு சேரவும் இல்லை. ஃபேஸ்புக் இணையதளங்களை எழுதும் பிஎச்பி மொழியிலிருந்து ஹேக் மொழியை 2014-ல் வெளியிட்டது. அதை ஓட்டும் எச்எச்விஎம் என்ற மென்பொருள் முதலில் பிஎச்பியையும் ஓட்டியது, 2019-ல் பிஎச்பியைக் கைவிட்டுவிட்டது. பிஎச்பி ஓட்டுவதற்காகவே அதற்கு மாறியிருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

உங்கள் ஃபோர்க்கைப் பற்றி நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல. மூலப் பைத்தானில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் இங்கே வருகிறது? கடந்த ஒரு வருடத்தில் அந்த ஃபோர்க்கில் எழுதிச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரே ஆள் என்றால், அவருக்கு வேலை மாறினால் உங்கள் புரோகிராம் அநாதை. எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) மாதிரி சி மொழியில் எழுதிய லைப்ரரிகள் அதில் ஒழுங்காக ஏறுகின்றனவா என்பதையும் பாருங்கள், வீட்டில் எழுதும் சின்னப் புரோகிராமில் இது தலைகாட்டாது.

கேள்வி: அப்படியானால் ஃபோர்க் எல்லாமே வீண் என்கிறீர்களா? (இன்னொரு வாசகர்)

பதில்: இல்லவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் (Node.js) மென்பொருளின் வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்று கோபித்து 2014 கடைசியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் 2015-லேயே நோட் 4.0 ஆகத் தாய்வீடு திரும்பியது. சி போன்ற மொழிகளில் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரிலிருந்து 1997-ல் பிரிந்த ஈஜிசிஎஸ், 1999-ல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஆகிவிட்டது. பைத்தானிலேயே சாம் கிராஸ் என்ற பொறியாளர், ஒரு சமயத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டை எடுத்துவிட்ட ஃபோர்க்கைத் தனிக்கடையாக நடத்தவில்லை. மூலக் குழுவிடம் கொண்டுபோய் வாதாடினார், 2023-ல் ஏற்றார்கள், 2024-ல் வந்த பைத்தான் 3.13-ல் சோதனை வடிவமாகக் கிடைத்தது. திரும்பி வர வழி வைத்துக்கொண்டு பிரிகிற இந்த மாதிரி ஃபோர்க்குகளை நான் மனதார வரவேற்கிறேன். முதலில் கேட்ட நண்பர் தன்னுடைய ஃபோர்க்கை உருவாக்கியவர்களுக்கு ஒரு கடிதம் போட்டு, எந்தெந்த மாற்றத்தை மூலப் பைத்தானுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்கட்டும். அந்தப் பதிலோடு மூத்தவரிடம் போய் உட்காரலாம்.