ஆய்வகத்திலிருந்து ஊர் மேடைக்கு: கேள்வி பதில்

பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஆய்வு செய்கிறேன். 12 வருடமாகப் பள்ளிக்கூடம், நூலகம், ஊர்ச் சமுதாயக்கூடம் என்று அறிவியல் பேசியும் வருகிறேன். பொதுமக்கள் முன்னால் பேசுவதைப் பற்றி நண்பர்கள் கேட்டவை இவை.

கேள்வி (ஆய்வு மாணவி): நூலகத்தில் அரைமணி நேரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், சார். என்னிடம் 45 ஸ்லைடு இருக்கிறது. எதைக் குறைப்பது?

பதில்: கருத்தரங்குக்குச் செய்ததை அப்படியே மூடி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் ஒரு போட்டி தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வை மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடோடு சொல்லி முடிக்க வேண்டும். வீட்டில் அம்மாவையோ அண்ணனையோ உட்காரவைத்து அப்படிப் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் குறுக்கே கேள்வி கேட்கிறார்களோ, அதை வைத்து அரைமணி நேரத்தைக் கட்டுங்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): எளிமையாகச் சொல்லப் போனால் விஷயம் நீர்த்துப்போகாதா?

பதில்: லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் தொடங்கின. அவற்றில் 19 தொடர்களைப் பேசியவர் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே ஃபாரடேதான். ஒரு மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவு நிகழ்த்தினார்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். மெழுகுவத்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அப்படியானால் எரிவது திரி அல்ல, கெட்டி மெழுகும் அல்ல, ஆவியான மெழுகு. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது, சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதில் நீர்த்தது என்ன? நம்மில் பலர் முடிவை மட்டும் சொல்லிவிட்டு, அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதை விட்டுவிடுகிறோம். நீர்த்துப்போவது அங்கேதான்.

கேள்வி: மேடை ஏறினால் படபடவென்று பேசிவிடுகிறேன்.

பதில்: ஃபாரடேக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தன் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நேரம் முடியப்போவதை நினைவூட்ட இன்னொரு அட்டை. பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடமும் கேட்டார். நீங்களும் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் பேசும்போது கலைச்சொல் தடுக்கிறது. ‘ஒளிவிலகல்’ என்றால் பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

பதில்: பொருளை முதலில் காட்டுங்கள், பெயரை அப்புறம் சொல்லுங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஸ்பூனைச் சாய்த்து வைத்தால் ஒடிந்தது போலத் தெரியும். “இதற்குத்தான் ஒளிவிலகல் என்று பேர்” என்றால் அந்தச் சொல் யாரையும் மிரட்டாது. எலக்ட்ரான், லேசர் போன்ற பழகிய சொற்களை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: கூட்டத்தில் யாராவது நம்பிக்கை சார்ந்து கேட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: சமாளிக்க நினைக்காதீர்கள், காது கொடுங்கள். 2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகப் போனது. கரூர் பக்கம் ஒரு ஊரில் நின்றிருந்தோம். “தம்பி, வயித்துப்பிள்ளைக்காரி வெளிய வரலாமா?” என்று ஒரு பாட்டி கேட்டார். கூட வந்த மாணவன் சிரித்துவிட்டான். பாட்டியின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு இன்னும் மனது கேட்கவில்லை.

அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை மாதிரி வேலை செய்து, தரை முழுக்கச் சூரியனின் பிம்பத்தை வளையம் வளையமாக விழவைத்திருந்தது. “வளவி கொட்டிக் கெடக்குற மாதிரி இருக்கு” என்றார். நிலா சூரியனை மறைக்கிறது, அவ்வளவுதான், வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, வெறும் கண்ணால் மட்டும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்றேன். உள்ளே போய் மருமகளைக் கையோடு கூட்டி வந்தார்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): இதில் இறங்கினால் ‘ஆய்வு கம்மி, பேச்சு ஜாஸ்தி’ என்று பேர் வருமே?

பதில்: வரலாம். பொதுமக்களுக்கு வானியலைச் சொல்லிப் புகழ்பெற்ற வானியலாளர் கார்ல் சேகனை அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1992-இல் உறுப்பினராக ஏற்கவில்லை. 1994-இல் அதே கழகம் பொதுநலப் பதக்கம் கொடுத்தது. வருடத்துக்கு இரண்டு கூட்டத்தோடு ஆரம்பியுங்கள். ஆய்வு கெடாது.

கேள்வி (பள்ளி ஆசிரியை): பிப்ரவரி 28-க்கு யாரைக் கூப்பிட்டாலும் நேரமில்லை என்கிறார்களே?

பதில்: ராமன் விளைவு 1928-இல் அந்தத் தேதியில்தான் கண்டறியப்பட்டது. 1987 முதல் அது தேசிய அறிவியல் நாள் என்பதால் எல்லாப் பள்ளியும் அன்றைக்கே கூப்பிடுகிறது. ஜூலையில் கூப்பிடுங்கள் டீச்சர், ஓடி வருவோம்.

கேள்வி: மேலே சொன்ன மெழுகுவத்தியை இப்போதே செய்து பார்த்தேன். பற்றவில்லை!

பதில்: ஃபேன் ஓடுகிறதா? நிறுத்துங்கள், ஜன்னலையும் சாத்துங்கள். புகை நேராக எழ வேண்டும். குச்சியை முதலிலேயே கொளுத்தித் தயாராக வைத்துக்கொண்டு, அணைத்த உடனே திரிக்கு ஒரு விரற்கடை மேலே காட்டுங்கள்.