காயின் வாங்குனா சூதாட்டம் இல்லையா?

கேள்வி: சார், என் மூத்த மகன் அமெரிக்காவுல நியூஜெர்சில வேலை பாக்குறான், சின்னவன் மதுரையில காலேஜ் ரெண்டாம் வருஷம். பெரியவன் போன்ல ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோன்னு ஒண்ணு விளையாடிட்டு இருந்தான், கேட்டா "இது சூதாட்டம் இல்லம்மா, காயின்தான் வாங்குறோம், சட்டப்படி சரி"ங்கிறான். இப்ப சின்னவனும் விபிஎன் போட்டு அதையே ஆடுறான். நெசமாவே தப்பில்லையா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தப்புதாம்மா. அங்கயும் தப்பு, இங்கயும் தப்பு.

அந்த ஆட்டம் எப்படின்னா, ரெண்டு வகை காயின் இருக்கும். கோல்டு காயினை காசு குடுத்து வாங்கலாம், ஆனா திரும்ப பணமாக்க முடியாது. அதை வாங்குறப்ப ஸ்வீப்ஸ் காயின்னு ஒண்ணு ‘இலவசமா’ கூட வரும், அதுல ஜெயிச்சா டாலரா எடுத்துக்கலாம். அமெரிக்காவுல சூதாட்டம்னு சொல்ல பொதுவா மூணு விஷயம் வேணும், பரிசு இருக்கணும், அதிர்ஷ்டத்துல முடிவாகணும், ஆடுறவன் காசு கட்டியிருக்கணும். லெட்டர் போட்டாக்கூட ஓசில காயின் தர்றோம், அதனால காசு கட்டலன்னு கம்பெனிக்காரங்க வாதம். நம்ம விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்கு வேட்டி எடுத்தா குலுக்கல் கூப்பன் தர்றாங்கள்ல, அங்க நாம போறது வேட்டிக்கு. வேட்டியே இல்லாம, ஒண்ணுக்கும் உதவாத ஒரு சீட்டை ஐநூறு ரூவாய்க்கு வித்து கூப்பனை ஓசின்னு குடுத்தா அது லாட்டரியா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

இதைத்தான் அங்க மாநிலம் மாநிலமா புரிஞ்சுகிட்டாங்க. 2025ல மான்டனா, கனெக்டிகட், நியூஜெர்சி மூணும் தடைச் சட்டம் போட்டுச்சு, கலிபோர்னியா தடை 2026 ஜனவரி 1ல இருந்து. லூசியானாவுல தடை மசோதாவை கவர்னர் திருப்பி அனுப்புனார், ஆனா அனுமதி குடுக்க இல்ல, இருக்கிற சட்டமே போதும்னு சொல்லித்தான். பெரியவன் இருக்கிற ஊர்லயே 2025 ஆகஸ்ட்ல கையெழுத்தாயிருச்சு, அவன்கிட்ட இதை முதல்ல சொல்லுங்க.

சின்னவன் விஷயம்தான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. விபிஎன் போட்டா கம்பெனிக்குத்தான் வேற ஊரு தெரியும், அவன் உக்காந்திருக்கிறது மதுரை. தமிழ்நாட்டுல 2022ல கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி ஆடுறவனுக்கே மூணு மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூவா வரை அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். 2023 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம்னு சொல்லி இந்தத் தடையில இருந்து விலக்குச்சு, அதைக் காட்டி அவன் பேசுவான், விடாதீங்க, சுத்துற ஸ்லாட் மெஷின்ல என்னம்மா திறமை இருக்கு? 2025 ஆகஸ்ட் 22ல ஜனாதிபதி ஒப்புதல் குடுத்த மத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேல, காசுக்கு வாங்குற காயின், டோக்கன் எல்லாத்தையும் பந்தயக் காசாவே எடுத்துக்குது, திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்குறதே இல்ல. அதுல ஆடுறவனுக்குத் தண்டனை கிடையாது, நடத்துறவனுக்கு ஜெயில் மூணு வருஷம், அபராதம் ஒரு கோடி ரூவா வரை போகும்.

இன்னொண்ணு, இது பல பேருக்குத் தெரியாது. இந்தியாவுல இருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாத காரியங்கள்னு 2000ம் வருஷ அந்நியச் செலாவணி விதியில ஒரு பட்டியல் இருக்கு, லாட்டரி டிக்கெட்டோட ஸ்வீப்ஸ்டேக்ஸ்ங்கிற வார்த்தையே அதுல இருக்கு.

அவனை அடிக்க வேண்டாம்மா. பக்கத்துல உக்கார வச்சு ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்டை எடுக்கச் சொல்லி, போனது எவ்வளவு வந்தது எவ்வளவுன்னு அவன் கையாலயே எழுதச் சொல்லுங்க. யாராவது ஏஜெண்டுன்னு சொல்லி அவன்கிட்ட பணம் வாங்கி ஏமாத்தியிருந்தா அன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.