சின்னக் கல்லூரி ஃபுட்பால் கோச்: கேள்வி பதில்

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கோச்சுகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதி மெஸ்ஸியைப் பற்றி! இது ஹெல்மெட் போட்டு ஆடும் ஃபுட்பால். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரமா?

தரம் இல்லை, பணம்தான் வித்தியாசம். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1973-ல் கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்தது. மூன்றாவதில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர் ஸ்காலர்ஷிப் கிடையாது. மார்க் பார்த்தும் குடும்ப வருமானம் பார்த்தும் உதவி உண்டு. மீதியைக் கட்டிவிட்டுத்தான் பையன் ஆடுகிறான்.

கேள்வி: சனிக்கிழமை மேட்ச். மற்ற நாளெல்லாம் கோச்சுக்கு என்ன வேலை?

ஆள் பிடிப்பது. ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கிற தனியார் கல்லூரியில் நூறு பேர் கட்டணம் கட்டிக்கொண்டு ஃபுட்பாலுக்காக வந்து சேர்ந்தால், அது நிர்வாகத்துக்குப் பெரிய வரவு. சில கல்லூரிகள் புதிதாக அணி தொடங்குவதே இந்தக் கணக்கில்தான். கோச்சின் மேசையில் ஒரு பக்கம் எதிரணியின் வீடியோ ஓடும், மறு பக்கம் ஒரு பையனின் கட்டண உதவிப் படிவம் கிடக்கும். அம்மா போனில் கேட்பது படிப்பைப் பற்றி, அப்பா கேட்பது கட்டணத்தைப் பற்றி. இரண்டுக்கும் பதில் தெரியாதவர், ஆட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே நிலைப்பது கஷ்டம்.

கேள்வி: அத்லெட்டிக் டைரக்டர் என்பவர் நம்ம காலேஜ் பி.டி. சார் மாதிரியா?

இல்லை. எல்லா ஆட்டங்களின் பட்ஜெட், பஸ், போட்டி அட்டவணை, கோச் நியமனம் எல்லாம் அவர் தலையில். 1972-ல் வந்த டைட்டில் 9 சட்டப்படி பெண்களுக்கும் சம வாய்ப்பு தரவேண்டும். நூறு ஆண்கள் ஃபுட்பாலுக்கே போய்விட்டால் அந்தக் கணக்கை நேராக்க வேண்டியவரும் அவரே.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் ஹைஸ்கூலில் ஆடுகிறான். டிவிஷன் 3-ல் ஸ்காலர்ஷிப்...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கல்லூரி கோச்சுகளில் அதிக வெற்றி யாருக்கு? டிவிஷன் 1-ல் ஆடும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் ஜோ பட்டர்னோதானே?

ஜான் கலார்டிக்கு. 1943-ல் கொலராடோவின் டிரினிடாட்டில் பள்ளி கோச்சை ராணுவம் அழைத்துக்கொண்டது. 16 வயசுப் பையன் அணியை எடுத்து நடத்தினார். பிறகு மொன்டானாவின் கேரல் கல்லூரி, 1953 முதல் 2012 வரை மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ். கல்லூரிகளில் மொத்தம் 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். பயிற்சியில் டாக்கிள் (எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளுவது) கிடையாது, விசில் கிடையாது. "கோச்" என்று கூப்பிடக் கூடாது, "ஜான்" போதும். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 2010-ல் டார்ட்மத் கல்லூரி அணியும் பயிற்சியில் டாக்கிளை நிறுத்தியது. 2003-ல், கிராம்பிளிங் கோச் எடி ராபின்சனின் 408 வெற்றிகளைத் தாண்டிய அதே சீசனில், நான்காவது தேசியப் பட்டமும் வாங்கினார். பட்டர்னோவுக்கு 409. 2012-ல் 111 வெற்றியை என்.சி.ஏ.ஏ. பறித்தது, 2015-ல் திருப்பிக் கொடுத்தது. திருப்பிக் கொடுத்தும் 409தான்.

கேள்வி: டிவிஷன் 3 வெற்றியை பென் ஸ்டேட்டோடு ஒப்பிடலாமா? அது லோக்கல் டோர்னமென்ட்!

ஒப்பிட்டவர் நீங்கள். கேட்டது எண்ணிக்கை, சொன்னது எண்ணிக்கை.

கேள்வி: எண்ணிக்கை முக்கியமில்லை, சதவீதம்தான்.

அப்படியானால் ஒஹையோவின் மவுண்ட் யூனியன் கல்லூரிக்கு வாருங்கள். லாரி கேரஸ், 1986 முதல் 2012 வரை 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல்! பதினொரு தேசியப் பட்டம். கோச்சாக இருந்துகொண்டே அத்லெட்டிக் டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். 2003 இறுதிப் போட்டியில் அவர் அணியின் 55 ஆட்டத் தொடர் வெற்றியை 24-6 என்று முறித்தது யார்? மேலே சொன்ன கலார்டி. என்னைக் கேட்டால் கலார்டி அதிசயம், கேரஸ் நிர்வாகி. சின்னக் கல்லூரியில் வேலை தேடுகிறவர் படிக்க வேண்டியது கேரஸை.

கேள்வி: 24 தோல்விதான் என்றால் எதிரணிகள் சொத்தை. இதற்கும் பதில் இருக்கிறதா?

இருக்கிறது. கேரஸிடம் ஆடிய நிக் சிரியானி, பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியை, ஜெயித்தார். சொத்தை அணிகளோடு மோதி வந்தவர்தான். இந்த வாதம் போதும், நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: டிவிஷன் 3 ஸ்காலர்ஷிப் எவ்வளவு?

பூஜ்யம். இனிக் கேட்பவர்களுக்கும் பூஜ்யம்.

கேள்வி: கேரஸுக்குப் பிறகு வந்தது மகனாமே. வாரிசு அரசியலா?

ஆமாம், மகன்தான். வின்ஸ் கேரஸ் 2013-ல் கோச் ஆனார், அப்பா டைரக்டராகத் தொடர்ந்தார். யாரும் முணுமுணுக்க நியாயம் உண்டு. ஆனால் வின்ஸ் அதற்குமுன் அதே அணியில் உதவி கோச்சாக வேலை பார்த்தவர். 2015, 2017 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கினார்.